கூட உட்கார்கிறேன்

மார்ச் 4

அன்புள்ள அக்காவுக்கு,

நீ நலமாக இருப்பாய். நானும் நலம் என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன், கை வரவில்லை. நீ தங்கியிருக்கிற உன் குருவம்மா வீட்டில் போனை வாங்கிப் பூட்டிவிடுவதால், பள்ளிக்கூடத்துப் பையன் மாதிரி காகிதமும் கையுமாக உட்கார்ந்திருக்கிறேன்.

என் இரண்டு சிறுநீரகங்களும் கைவிட்டுவிட்டன, அக்கா. வாரத்தில் மூன்று நாள் மருத்துவமனையில் மெஷினோடு படுத்து ரத்தத்தைச் சுத்தம் செய்துகொள்கிறேன். மற்ற நாட்களில் வேலைக்குப் போகிறேன். ஊரில் பாதிப் பேரை மாடிக்கு ஏற்றிவிடுகிற லிஃப்ட் மெக்கானிக், தன் வீட்டுப் படியேறுவதற்குள் இரண்டு தடவை உட்கார்கிறான். என் பெண்டாட்டி பார்க்கும்போது மட்டும் ஷூ லேஸ் கட்டுகிற மாதிரி நடிக்கிறேன்.

அவளுடைய சிறுநீரகம் எனக்குப் பொருந்தவில்லை. "கூடப் பிறந்தவங்க இருக்காங்களா?" என்று டாக்டர் கேட்டார். இருக்கிறாள் என்றேன். தகவல் சொல்கிறேன், அவ்வளவுதான். கேட்கவில்லை. கேட்டால் நீ நேரே அந்த அம்மா முன்னால் போய் நிற்பாய். தலைவலி மாத்திரை போடவே அவரைக் கேட்கிறவள் ஆயிற்றே நீ. ஒரு காலத்தில் பல் டாக்டராக இருந்தவராம். பல்லைப் பிடுங்கினவர், போகிற போக்கில் என் அக்காவையும் பிடுங்கிக்கொண்டு போய்விட்டார்.

கோபித்துக்கொள்ளாதே.

உன் தம்பி


மார்ச் 13

என் செல்லக் குட்டிக்கு,

கடிதத்தைப் படித்துவிட்டு வாசற்படியிலேயே உட்கார்ந்துவிட்டேன். இத்தனை நாள் சொல்லாமல் இருந்தாயே, படவா! உன் பெண்டாட்டியாவது எழுதியிருக்கக் கூடாதா?

நீ சொன்னபடியே அவர் முன்னால்தான் போய் நின்றேன். பொய் சொல்வானேன். அவர் தட்டுக் கழுவிக்கொண்டிருந்தார்.

"அம்மா, தம்பிக்கு என்னோடதுல ஒண்ணு குடுக்கலாமா?"

"உங்களுக்கு என்ன தோணுது?"

"நீங்க என்ன சொல்றீங்களோ, அதுதான்."

குழாயை மூடினார். "அப்படின்னா நான் ஒண்ணும் சொல்லப் போறதில்ல."

எனக்கு வந்ததே கோபம்! அவர் என்னைவிடப் பத்து வயது சின்னவர். இந்த மூன்று வருஷத்தில் ஒருநாளும் நான் குரலை உயர்த்தியதில்லை. "இதுக்குக்கூட வாய் திறக்க மாட்டீங்கன்னா நீங்க எனக்கு எதுக்கு?" என்று கத்திவிட்டேன். "நல்ல கேள்வி" என்று சொல்லிவிட்டு மறுபடியும் தட்டை எடுத்தார்.

உன் அத்தான் போனபிறகு நான் எப்படி இருந்தேன் என்று உனக்குத் தெரியும். படுத்தால் தூக்கமில்லை, எழுந்தால் செய்வதற்கு ஒன்றுமில்லை. துக்கத்தை விரட்டாமல் அதன் பக்கத்தில் உட்காரச் சொல்லித் தந்தவர் இவர்தான். அப்படிப்பட்டவர் இப்போது கையை விரித்துவிட்டார்.

எனக்குப் பயமாக இருக்கிறது, குட்டி. வருகிறேன் என்றும் எழுத முடியவில்லை, மாட்டேன் என்றும் எழுத முடியவில்லை.

அக்கா


மார்ச் 20

அக்காவுக்கு,

உன் கடிதத்தைக் கையில் மெஷின் ஊசியோடு படித்தேன். முதலில் எரிச்சல். பிறகு, சொன்னால் நம்பமாட்டாய், அந்த அம்மாமேல் முதல்முறையாகக் கொஞ்சம் மதிப்பு வந்தது.

ஒன்று தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். அவர் "குடு" என்று சொல்லி நீ வந்தால் எனக்கு வேண்டாம். புண்ணியம் கிடைக்கும் என்று வந்தாலும் வேண்டாம். யாரோ சொன்னதற்காக நீ கொடுத்ததை உடம்புக்குள் வைத்துக்கொண்டு என்னால் நடமாட முடியாது. மாட்டேன் என்றால் மாட்டேன் என்று எழுது. நீ எனக்கு அக்கா இல்லாமல் போய்விட மாட்டாய். இதையும் மனதாரத்தான் எழுதுகிறேன்.

தம்பி


ஏப்ரல் 2

குட்டிக்கு,

உன் கடிதத்தை எடுத்துக்கொண்டு பின்கட்டு அறையில் போய் உட்கார்ந்தேன். காலையும் மாலையும் அதே அறை, அதே பாய். நாலைந்து நாளைக்குப் பயம்தான் வந்தது. அத்தான் கடைசியாகப் படுத்திருந்த அந்த வார்டு, அந்த மருந்து வாசனை, நானும் அதே கட்டிலில் கிடக்கிற மாதிரி.

ஒருநாள் குருவம்மா வந்து பக்கத்தில் உட்கார்ந்தார். "நீங்க பயப்படறப்போ நான் கூட உட்கார்றேன். முடிவெடுக்கறப்போ மட்டும் வரமாட்டேன்" என்றார்.

அவர் பக்கத்தில் இருந்த தைரியத்தில் பயத்துக்கு அடியிலும் எட்டிப் பார்த்தேன். அங்கே ஒருத்தி பதுங்கி உட்கார்ந்திருந்தாள். அவர் "வேண்டாம்" என்று சொல்லிவிட்டால் உலகத்தில் யாரும் என்னைக் குறை சொல்ல முடியாதே என்று காத்திருந்தாள். "குடு" என்று சொன்னாலும் அவளுக்குச் சம்மதம்தான். எது தப்பாகப் போனாலும் பழி அவர்மேல். இத்தனை நாள் பக்தி என்று நான் நினைத்திருந்ததில் பாதி இதுதான் என்று தெரிந்ததும், வெட்கத்தைவிடச் சிரிப்புதான் வந்தது. என் சிரிப்பைப் பார்த்து அவரும் சிரித்தார். என்ன ஏது என்று கேட்கவில்லை.

பயம் போய்விட்டதா என்று கேட்காதே. அது பாட்டுக்கு இருக்கிறது. நான் பாட்டுக்குக் கிளம்புகிறேன். திங்கட்கிழமை காலை வந்து சேருவேன். பரிசோதனை எல்லாம் உடனே ஆரம்பிக்கச் சொல். இதை நான் யாரையும் கேட்காமல் எழுதுகிறேன். அவரிடம்கூடத் தபாலில் போட்டபிறகுதான் சொல்லப் போகிறேன்.

உன் அக்கா


ஜூன் 18, ஆண்கள் வார்டு

அக்கா,

என்னைப் பார்க்க யாரையும் விடமாட்டேன் என்கிறார்கள். நர்ஸம்மா தபால்காரர் வேலை பார்க்க ஒப்புக்கொண்டதால் எழுதுகிறேன்.

உன் சிறுநீரகம் ஆபரேஷன் மேசையிலேயே வேலையை ஆரம்பித்துவிட்டதாம். டாக்டருக்கே ஆச்சரியம். எனக்கு இல்லை. நீ ஒரு வீட்டுக்கு விருந்தாளியாகப் போனாலும் போன உடனே துடைப்பத்தை எடுப்பவள்தானே!

ஆபரேஷனுக்கு முன்னால் அனுமதி கொடுக்கிற மருத்துவமனைக் குழு உன்னைத் தனியாகக் கூப்பிட்டு வெகுநேரம் விசாரித்ததே, என்ன கேட்டார்கள்? நானும் கேட்டுக் கேட்டு அலுத்துவிட்டேன். நீ மழுப்பிக்கொண்டே இருந்தாய். இப்போது எனக்குள் உன் ஆள் ஒருத்தி இருக்கிறாள். இனி மறைக்க முடியாது.

வலிக்கிறதா, அக்கா?

தம்பி


ஜூன் 19, பெண்கள் வார்டு

குட்டி,

வலிக்கிறது. இருமினால் மட்டும் உன்னை நன்றாகத் திட்டுகிறேன்.

அந்தக் குழுவில் ஒரு டாக்டரம்மா, "உங்களை யாராவது வற்புறுத்தினாங்களா? தம்பி, உறவுக்காரங்க, நீங்க நம்பற பெரியவங்க யாராவது?" என்று கேட்டார். "ஒருத்தங்ககிட்ட யோசனை கேட்டேன். சொல்லமாட்டேன்னுட்டாங்க" என்றேன். "அவங்க உங்களுக்கு என்ன வேணும்?" என்றார். என் குரு என்று சொன்னேன். "அப்ப இது உங்க முடிவுதான்" என்று டாக்டரம்மா பேனாவை மூடி வைத்துவிட்டார். உன்னிடம் மழுப்பியதற்குக் காரணம், அந்தப் பதிலைச் சொல்லும்போது அழுதுவிட்டேன். நீ கேலி செய்வாய்.

நேற்று குருவம்மா வந்திருந்தார். வெகுநேரம் கட்டிலருகே உட்கார்ந்திருந்தார். போகும்போது, என் அறையை வேறு ஒருத்திக்குக் கொடுத்துவிட்டதாகச் சொன்னார். போன வருஷமாக இருந்தால் காலைப் பிடித்துக்கொண்டு அழுதிருப்பேன். "நல்லதும்மா. பார்க்க வருவேன்" என்றேன். "வாங்க. பகல் சாப்பாட்டுக்கு வாங்க" என்றார். அவ்வளவுதான் பேச்சு. படியிறங்கி அவர் போகிற சத்தம் கேட்கிறவரை கேட்டுக்கொண்டிருந்தேன். அதற்கப்புறமும் மனது அப்படியே நிறைந்துதான் இருந்தது.

நாளை என்னை எழுந்து நடக்கச் சொல்லியிருக்கிறார்கள். கம்பியைப் பிடித்துக்கொண்டு உன் வார்டுக் கண்ணாடிக் கதவு வரைக்கும் வரலாம் என்று நர்ஸம்மாவிடம் பேசி வைத்திருக்கிறேன். நீ தூங்கித் தொலையாதே. முகம் கழுவி, நிமிர்ந்து உட்கார்ந்திரு. நான் வருகிறேன்.

அக்கா