அரைச் சாண்

அன்பு மச்சானுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். போன்ல சொன்னா சிரிச்சு மழுப்பிடுவீங்க. அதான் துபாய் திரும்புற நசீர் அண்ணன் கையில இந்த லெட்டர்.

நேத்து பத்தாவதுக்கு நடத்தப்போற பாடத்தைச் சத்தமாப் படிச்சிட்டிருந்தேன். பூமி சுத்துற அச்சோட துருவம் மெல்ல நகருதுங்கறது உங்க அத்தா காதுல விழுந்துருச்சு. அவ்வளவுதான், அளக்குற டேப்பை எடுத்துக்கிட்டு, நீங்க வந்துதான் குடிபோகணும்னு நாம பூட்டி வச்சிருக்கிற புது வூட்டுக்கு ஓடிட்டாரு.

"கிப்லா திசையே மாறிப்போச்சும்மா! தொழுகை ரூம் டைல்ஸைப் பேத்துத் திருப்பிப் போடணும்!"

பின்னாடியே ஓடினேன். "மாமா, வருஷத்துக்கு அரைச் சாண்தான். டைல்ஸ் அப்படியே இருக்கட்டும்."

"அரைச் சாண் நகர்ந்ததை எவன் பார்த்தான்?"

"நூத்தி இருபது வருஷத்துக்கு முன்னாடி, ஒரே அட்சரேகையில ஆறு ஊர்ல உட்கார்ந்து, அதே நட்சத்திரங்களை வருஷக்கணக்கா அளந்தாங்க மாமா. இடம் மாறாம ஒருத்தர் பார்த்துக்கிட்டே இருந்தாத்தான் நகர்றது தெரியும்."

டேப்பைச் சுருட்டிக்கிட்டே என்னைப் பார்த்தாரு. "உன்னை மாதிரி"ன்னாரு.

நானும் அளந்துதான் வச்சிருக்கேன் மச்சான். நீங்க வரேன்னு சொன்ன நாள் நோன்புப் பெருநாள்லருந்து ஹஜ்ஜுப் பெருநாளுக்குப் போச்சு, அங்கருந்து மீலாதுக்குப் போச்சு, இப்ப "அடுத்த வருஷம் பார்ப்போம்". இது அரைச் சாண் இல்ல.

அதனால மாமாவும் நானும் தேதி வச்சுட்டோம். வர்ற நோன்புப் பெருநாளுக்கு மறு வெள்ளிக்கிழமை குடிபோறோம், ஊரையே கூப்பிட்டாச்சு. துருவம் நகரட்டும். தேதி நகராது.

இப்படிக்கு,
ஒரே இடத்துல நின்னு பார்த்துக்கிட்டிருக்கிற
உங்க வூட்டுக்காரி