மூன்றாவது லைன்பேக்கர்

கிரின்ஸ்டெட், டென்மார்க், ஞாயிறு, 4.5.86

செலின்,

மீன்குழம்பு அடுப்பில் இருக்கிறது, சூடாக்கிச் சாப்பிடும். கதவைப் பூட்டி இதைக் கதவில் செருகிவிட்டுப் போறன், வீட்டுத் திறப்பு கீழ்வீட்டு விக்ரோரியா அக்காவிடம்.

நேற்று நீர் "வாயால கெடப்போறியள்" என்று கத்தினது சரிதான். அமெரிக்காவிலிருந்து அண்ணை அனுப்பிய ஒரேயொரு வீடியோ கசெட்டைப் பார்த்துவிட்டு, தொழிற்சாலையில் அமெரிக்கன் ஃபுட்போல் பற்றிப் பிரசங்கம் வைத்தேன். பந்தோடு ஓடிவருபவனை விழுத்துகிற லைன்பேக்கர் இடத்துக்கு இரண்டு பேர் காணாது, பின்னால் மூன்றாவது ஆளும் வேண்டும் என்று ஃபோர்மன் யென்ஸோடு வாதாடி வென்றேன். அவன் தன் கிளப்பில் மூன்றாவதாக என் பெயரையே எழுதிவிட்டான்.

முதலாமவனுக்கு முழங்கால் போய்விட்டது. இரண்டாமவன் இன்று மகளின் உறுதிபூசுதல் விருந்தில். ஒரு மணிக்கு நான் இறங்க வேண்டும். எதிரணியில் எல்லாரும் நூறு கிலோ, நான் ஐம்பத்திரண்டு.

உம்முடைய செபமாலையைக் கொண்டுபோறன், கோவிக்காதேயும்.

ரட்ணம்

பி.கு.: பார்க்க வராதேயும், வெட்கம்.

இல்லை, வேலையால வந்து இதை வாசித்ததும் நேரே மைதானத்துக்கு வாரும். இன்று பஸ் இல்லை, சைக்கிளை எடும். எனக்குப் பின்னால் நாலாவது ஆள் இல்லை.