மேலறையில் உம்மாவின் சிரிப்பு

ஒக்டோபர் 7, செவ்வாய்

பகல் முழுக்க மழை. மேலறைத் தகரம் இரைந்த இரைச்சலில் ஸ்கூல் விட்டு வந்து நான் அங்கே வரைந்துகொண்டிருந்ததே யாருக்கும் நினைவில்லை. நல்லது.

டோர்ச் வெளிச்சத்தில் எழுதுகிறேன், கீழே எங்கள் அறையில், போர்வைக்குள். பக்கத்தில் தங்கை ஸீனத், வாயைப் பிளந்தபடி உறக்கம்.

இன்று முடித்தது: நாவுல ஊர் வயல். ஓகஸ்ட் லீவில் திருகோணமலை போகும்போது வேன் ஜன்னலால் எடுத்த போட்டோ. கண்ணாடியில் ஸீனத்தின் விரல் அடையாளம். அதையும் வரைந்தேன்.

முடிக்காதது: நிலாவெளிக் கடல். போட்டோவில் சாம்பல் நிறம். என் ஞாபகத்தில் பச்சை. ஞாபகப்படியே பூசினேன்.

ஆட்கள் எல்லாரும் முதுகு காட்டித்தான். வாப்பாவின் சட்டம். வரையத் தொடங்கிய அன்றே சொல்லிவிட்டார்: "மரம் வரைங்க, மலை வரைங்க, கடலும் வரைங்க. மொகம் வேணாம் மவள். மொகத்தக் கண்டேனோ பெயிண்ட் எல்லாம் குப்பைலதான்."

சித்திர டீச்சருக்கு போனில் காட்டினேன். சிரித்தா. "ஏன் புள்ள, ஒங்க வீட்டாளுங்க எல்லாம் கோவிச்சிக்கிட்டு எங்க போறாங்க?"

ஆனால் டீச்சருக்குக் காட்டாதது ஒன்று இருக்கிறது. உம்மா. முழு முகம்.

ஒக்டோபர் 8, புதன்

கணக்கு வீட்டுவேலை பாதி. தலையிடி.

உம்மாவைப் பார்த்து வரைந்த போட்டோ, நிலாவெளியில் வாப்பா எடுத்தது. உம்மா படகின் விளிம்பைப் பிடித்தபடி, பல்லெல்லாம் தெரியச் சிரிப்பு. வீட்டில் வாயைப் பொத்தித்தான் சிரிப்பா. முதலில் தோள் வரைந்தேன், பிறகு முக்காடு. நடுவில் வெறும் ஓட்டை. சில நாள் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு பொறுக்கவில்லை.

இரவுச் சாப்பாட்டில் வாப்பா: "வெள்ளிக்கிழம அக்குறணையிலிருந்து தம்பி வாரான். மேலறைல படுக்கட்டும். நல்ல காத்து."

சாச்சா! உருவப் படம் உள்ள அறையில் தொழவே மாட்டார். போன முறை கலண்டர் குருவியைக் கூடத் திருப்பி வைத்தவர்.

"அங்க ஒரே பெயிண்ட் மணமே," என்றா உம்மா.

"ஜன்னலத் தொறந்தாப் போகும்."

படத்தைப் பற்றி ஸீனத்துக்கு மட்டும் தெரியும். காதுக்குள் சொல்கிறாள்: "கூலிங் கிளாஸ் ஒண்டு போட்டு வுடுங்க ராத்தா. உம்மா சும்மா ஸ்டைலா ஈப்பா."

ஒக்டோபர் 9, வியாழன்

காலை பனி, பிறகு வெயில். ஸ்கூலில் ஒன்றும் ஏறவில்லை.

வெள்ளைப் பெயிண்ட் தொட்டு உம்மாவின் நெற்றி வரை கொண்டுபோனேன். ஏலாது. பல்லை மட்டும் மூடலாமா? அதுவும் ஏலாது.

படத்தை மேலறை அலுமாரிக்கும் சுவருக்கும் இடையில் செருகினேன். சரியாகப் பொருந்தியது. தூரிகை, பெயிண்ட் கலக்கும் தயிர்ச்சட்டி எல்லாம் கட்டிலுக்குக் கீழே.

பெயிண்ட் போனால் போகட்டும் என்று எழுதிப் பார்த்தேன். பொய். போகக்கூடாது. வேறு எதுவும் எனக்கு இப்படி வராது. யா அல்லாஹ், அலுமாரி அசையக்கூடாது.

ஒக்டோபர் 10, வெள்ளி

அசைந்துவிட்டது.

வெள்ளியென்று ஸ்கூல் முன்னேரமே விட்டு வந்தால் வாப்பா மேலே. சாச்சாவுக்குத் தொழுகைப் பாய் விரிக்க இடம் ஒதுக்கியிருக்கிறார். தொழுவது அந்தச் சுவரைப் பார்த்துத்தானே! நாலு சுவர் இருக்க, எனக்குப் புத்தி எங்கே போனது?

படம் அவர் கையில்.

"எல்லாச் செவரையும் வுட்டுட்டு, கிப்லாப் பக்கமா ஒளிச்சீங்க?"

அவர் படத்தைத் தள்ளிப் பிடித்தார், கிட்டப் பிடித்தார்.

"இது நான் தண்ணில வுழுந்த நேரம்."

"ஓ வாப்பா."

"கையத் தூக்கிப் புடிச்சிப் போன மட்டும் நனைய வுடல்ல. அதுக்குத்தான் இவ்வளவு சிரிப்பு அவவுக்கு."

அவர் சிரிக்கவில்லை. படத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பி வைத்துவிட்டு இறங்கிப் போனார். நான் படியிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

ஜும்ஆத் தொழுகை முடிந்து வாப்பா, தன் கடையிலிருந்து ஆட்டோவில் மிளகு மூட்டைகளோடு வந்தார். கூலிக்கு ஆள் இல்லை. தானே தோளில் வைத்துப் படியேற்றினார்.

உம்மா கீழே நின்று: "வெள்ளிக்கிழமையும் அதுவுமா இது என்ன வேல? இடுப்புப் புடிச்சா நான் தைலம் தேய்க்க மாட்டேன், செல்லிட்டேன்."

"பேசாம தேத்தண்ணி ஊத்துங்க."

அஸர்த் தொழுகைக்குப் பிறகு, பின்னேரம், சாச்சா வந்தார், பேக்கோடு நேரே படிக்கு. "நாநா, மேலதானே?"

"மேல ஏலா தம்பி. மிளகு மூட்ட அடுக்கி ஈக்கி. தும்மியே விடிஞ்சிரும். ஹோல்ல படு."

ஒரு சொல்லும் பொய்யில்லை.

மஃரிப் தொழப் பள்ளிவாசலுக்குப் போகும்முன் வாப்பா என்னைக் கூப்பிட்டார். மேலறைக் கதவில் பூட்டு. என் கையை விரித்து, சாவியை வைத்து, விரல்களை மூடிவிட்டார். சாச்சாவுக்குக் கேட்காத குரலில்:

"கீழ மட்டும் கொண்டு வராதீங்க. கடல் இன்னம் முடியல்ல போல ஈக்கி. அன்டைக்குத் தண்ணி அவ்வளவு பச்ச இல்ல மவள்."