இருநூற்றுக்கு முன்பே வெட்டிய கேக்

யார்க்டன்
அக்டோபர் 9

அன்பு மகள் லாரிசாவுக்கு அப்பா எழுதுவது. இங்கே இருவரும் சுகம், குளிர் தொடங்கியதும் அம்மாவின் முழங்கால் மட்டும் முனகுகிறது. போர்ச்சுகல் வெயிலில் டென்னிஸ் ஆடும் உன் தோள்பட்டை தேவலையா?

போன வாரக் கூத்தைக் கேள். காலையில் செல்போனைத் திறந்தால் உன் பெயர் அடுத்த சுற்றில் ஏறியிருந்தது. நூற்றுத் தொண்ணூற்றொன்பதோடு ஒன்று, இருநூறாவது வெற்றி என்று நான் பனித்தளத்தில் கல் தள்ளி ஆடப் போகும் கர்லிங் கிளப் முழுக்கத் தம்பட்டம் அடித்துவிட்டேன், பக்கத்து வீட்டு மர்ரி 200 என்று எழுதிய கேக்கோடு வந்தான், எல்லோருமாக வெட்டித் தின்றும் ஆயிற்று. பிறகுதான் அம்மா விசாரித்துச் சொன்னாள், எதிராளி காய்ச்சலில் ஆடவே வரவில்லையாம், ஒரு பந்துகூட அடிக்காத ஆட்டம் வெற்றிக் கணக்கில் சேராதாம். அடுத்த ஆட்டத்தில் நீ தோற்றும் போனாய், ஆக 199 வெற்றி, 214 தோல்வி. மர்ரி என்னைக் கண்டாலே கேக்கைத் திருப்பிக் கொடு என்கிறான்.

மொன்றியல் போட்டியின் தகுதிச் சுற்றில் உனக்கு இடம் கிடைத்த சேதி படித்ததிலிருந்து எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. அதிலும் தேறாவிட்டால் ஆட்டத்தையே விட்டுவிடுவேன், இந்த ஒரு தடவை வந்து பாருங்கள் அப்பா என்று எழுதியிருக்கிறாய். ஆனால் நான் நேரில் வந்து உட்கார்ந்த ஆறு ஆட்டத்திலும் நீ தோற்றாய், அதனால்தானே இத்தனை வருஷமும் சமையலறையில் செல்போனில் ஸ்கோர் பார்த்துக் கிடந்தேன். கடைசி வாய்ப்பை நானே கெடுக்க வேண்டாம், நீ மட்டும் போய் வா என்று அம்மாவிடம் சொன்னேன். பெரோகிக் கொழுக்கட்டைக்கு மாவு பிசைந்துகொண்டிருந்தவள் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. "மிச்ச இருநூத்தி எட்டு தோல்விக்கும் நீங்களா போயி உக்காந்தீங்க? புள்ள கூப்புடுது, பொட்டியக் கட்டுங்க" என்றாள். எனக்குச் சிரிப்பும் வந்தது, கண்ணும் கலங்கியது. அன்றைக்கே டிக்கெட் எடுத்துவிட்டோம். ஜெயித்தாலும் தோற்றாலும் இந்தத் தடவை எண்ணைப் பார்க்க மாட்டேன் லாரிசா, உன் முகத்தைப் பார்ப்பேன்.

தோளுக்கு ஐஸ் வைக்க மறக்காதே, வெறும் வயிற்றோடு ஆட இறங்காதே. கடவுள் உன்னைக் காக்கட்டும், எங்கள் ஆசி எப்போதும் உன் கூடவே இருக்கும்.

இப்படிக்கு,
ஏழாவது ஆட்டத்துக்கு வருகிற உன் அப்பா,
ஓரெஸ்ட்