அடுத்த முறை இல்லாத தொகுதி

அண்ணை,

இன்று காலை வாசலில் கிடந்த சப்பாத்துகளைத் தூக்கி வைத்துவிட்டு கீழே விரித்திருந்த தட்டியில் உங்கள் ஆளின் முகத்தைத் துடைத்தேன். பனிக்காலம் முழுவதும் அந்தத் தேர்தல் தட்டியின் மேல்தான் எங்கள் சப்பாத்துகள் நின்றன. பனி உருக ரோட்டில் போடும் உப்பு வழிந்து வழிந்து அவருடைய பல்வரிசை அழிந்துவிட்டது. கீழே தொகுதியின் பெயர் மட்டும் பளிச்சென்று இருக்கிறது. அந்தப் பெயரில் இப்போது தொகுதியே கிடையாது.

தட்டிகளை என் பேஸ்மென்ட்டில் கொண்டுவந்து அடுக்கியவர் நீங்கள். "நாளைக்கு வந்து எடுக்கிறன், தங்கச்சி" என்றீர்கள். எடுக்கவில்லை. மாசியில் ஒரேயடியாகப் போயும் விட்டீர்கள். செத்தவரைப் பற்றி நல்லதாக நாலு வார்த்தை சொல்ல வேண்டுமாம். அதைச் சொல்ல உங்கள் செத்தவீட்டில் ஆட்கள் நிறைய இருந்தார்கள். மிச்சத்தை நான் சொல்கிறேன்.

தேர்தல் நாட்களில் சனத்தை வாக்குச்சாவடிக்கு ஏற்றிப் போகும் உங்கள் வானில் நான் முன்சீட்டில் இருப்பேன். ஏறுகிற எல்லோருக்கும் தொகுதியின் சரித்திரத்தை ஒப்புவிப்பீர்கள். "முதல் ஒரு இங்கிலீஷ் டொக்டர். பேந்து இத்தாலிக்காரன். அதுக்குப் பிறகு கிரேக்கன். ஆர் இஞ்ச வந்து நிறைஞ்சாங்களோ, அவங்கட ஆள் ஒருநாள் வெல்லுவான். அடுத்தது நாங்கள்." அதில் பொய் இல்லை. எங்கள் தொகுதியில் வென்ற கட்சி ஒருநாளும் மாறவில்லை. குடியிருந்த சனம் மாற மாற, அந்தக் கட்சி நிறுத்திய முகம் மாறியது. அந்த வரிசையை நான் மனதார நம்பினேன். பகலில் என் வீட்டில் நடத்திய கார்டரி என்ற பிள்ளைக் காப்பகத்தில் ஊரார் பிள்ளைகளுக்கு மூக்குத் துடைத்தேன். பின்னேரங்களில் உங்கள் கட்சிக்காகத் தமிழ் வீடுகளுக்கு ஒவ்வொன்றாகத் தொலைபேசி எடுத்தேன்.

கிரேக்கர் ஓய்வு பெறப்போகிறார் என்று தெரிந்ததும் உங்களிடம்தான் முதலில் கேட்டேன். "நான் நிக்கட்டோ, அண்ணை?" என் குசினியில் இருந்து, என் தேத்தண்ணியைக் குடித்துக்கொண்டு பதில் சொன்னீர்கள். "ஏன் நிக்கக் கூடாது? நில்லும். சனத்தைக் கொண்டுவாறது என்ர பொறுப்பு."

கட்சி வேட்பாளரைத் தெரிவு செய்யும் கூட்டம் பள்ளிக்கூட மண்டபத்தில் நடந்தது. முதல்நாள் முழுக்க நின்று ரோல்ஸ் பொரித்தேன். வான்கள் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. இறங்கியவர்கள் எல்லாம் எங்கள் சனம்: நான் வளர்த்த பிள்ளைகளின் தாய்மார், மூலையில் தெப்பனர் என்ற சில்லறைக் கடை வைத்திருப்பவர், கோயிலில் காணும் முகங்கள். எனக்காகத்தான் வருகிறார்கள் என்று பூரித்துப்போனேன். வாசலில் நின்று என் கையாலேயே ரோல்ஸ் கொடுத்தேன். தின்று, கையைத் துடைத்து, உள்ளே போய், தொகுதியில் ஒருநாளும் குடியிருக்காத, தமிழரும் அல்லாத, லவால் நகரத்து வழக்கறிஞருக்கு வாக்குப் போட்டுவிட்டு வந்தார்கள். ஒரு தாய் மட்டும் நிலத்தைப் பார்த்தபடி சொன்னாள். "அக்கா, குறை நினையாதேங்கோ. அண்ணை வானுக்குள்ளயே அந்தாளின்ர பேரைச் சொல்லித் தந்தவர்."

கார் நிறுத்துமிடத்தில் உங்களைப் பிடித்தேன். நீங்கள் தடுமாறவில்லை, அதைச் சொல்ல வேண்டும். என் தலையில் கையை வைத்து, குரலை இழுத்து, "இந்த முறை அவர். எங்கட வோட் சிதறக் கூடாது. அடுத்த முறை உமக்குத்தான், தங்கச்சி" என்றீர்கள். அதையும் நம்பினேன். நம்பியதால்தான் இந்த முகத்தை மின்கம்பங்களில் நானே ஏறிக் கட்டினேன். அவர் வென்றார். அந்தக் கட்சியின் பெயரில் எவர் நின்றாலும் வென்றிருப்பார்.

அடுத்த தேர்தல் வருமுன் எல்லைகளை மாற்றி, எங்கள் தொகுதியை இரண்டாகக் கிழித்து அக்கம்பக்கத்துத் தொகுதிகளுக்குக் கொடுத்துவிட்டார்கள். எங்கள் தெருவில் இந்தப் பக்கம் ஒரு தொகுதி, அந்தப் பக்கம் இன்னொன்று. உங்கள் ஆள் பக்கத்துத் தொகுதிக்கு அலுங்காமல் மாறிக்கொண்டார். உங்களுக்குப் போன் எடுத்தேன். "அது அரசாங்கத்தின்ர அலுவல், நாங்கள் என்ன செய்யிறது" என்று வைத்துவிட்டீர்கள்.

உங்கள் செத்தவீட்டுக்கு அந்த வழக்கறிஞரும் வந்திருந்தார். பெட்டிக்குப் பக்கத்தில் நின்று ஆங்கிலத்தில் உங்களைப் புகழ்ந்தார். முதலில் தான் தயங்கியதாகவும், நீங்கள்தான் தைரியம் தந்ததாகவும் சொன்னார். இந்தத் தொகுதியை எப்படியும் இல்லாமலாக்கப்போகிறார்கள், இங்கே ஒருமுறை நின்று வென்றால் போதும், பிறகு நல்ல இடம் கிடைக்கும் என்று வேட்பாளர் தெரிவுக் கூட்டத்துக்கு முன்பே சொன்னீர்களாம். எவ்வளவு தூரப் பார்வை என்று வியந்தார். எல்லோரும் தலையாட்டினார்கள்.

என் தலையில் கை வைத்தபோது அடுத்த முறை என்று ஒன்று இல்லை என்பது உங்களுக்குத் தெரியும். எனக்கு அழுகை வரவில்லை, அண்ணை. உலுப்பி எழுப்பிக் கேட்க வேண்டும் போலத்தான் இருந்தது. தோற்றதை நான் எப்போதோ விழுங்கிவிட்டேன். ஆனால் அந்தத் தொகுதியில் வென்றவர்களின் வரிசை டொக்டர், இத்தாலிக்காரர், கிரேக்கர், லவால் வழக்கறிஞர் என்று முடிந்துபோய் நிற்கிறது. அதற்குக் கீழே இனி எவராலும் ஒரு பெயர் சேர்க்க முடியாது. கடைசி இடம் எங்களுடையதாக இருந்திருக்கும். அதை நீங்கள் தெரிந்தே தூக்கிக் கொடுத்தீர்கள்.

போன கிழமை கட்சியிலிருந்து ஒருவர் வந்தார். எங்கள் ஆள்தான், முப்பது வயதிருக்கும், நல்ல பணிவு. "அன்ரி, போர்டுகளை உங்கட பேஸ்மென்ட்டில வைக்கலாமோ? தமிழ் வீடுகளுக்கும் நீங்கள் ஒருக்கா போன் எடுத்தால் நல்லம். சனத்துக்கு உங்கட குரல் தெரியும்." வேட்பாளர் யார் என்று கேட்டேன். தமிழ்ப் பெயர் இல்லை.

"அடுத்த முறை பாப்பம், தம்பி" என்றேன்.

அவர் முகம் மலர்ந்து, "மெர்சி அன்ரி" என்று படியிறங்கினார். நம்பிவிட்டார். கதவைச் சாத்திய பிறகுதான் என் குரல் எனக்கே கேட்டது. அதே இழுவை, அதே கனிவு, துளிகூடப் பிசகவில்லை. நீங்கள் பேசியது போலவே இருந்தது.

தட்டியைத் திங்கட்கிழமை குப்பையோடு வெளியே வைத்துவிடுவேன். என் தொண்டைக்குள் நீங்கள் விட்டுப் போனதை எங்கே கொண்டுபோய் வைப்பது என்றுதான் தெரியவில்லை.