பச்சை உடம்புக்காரியின் பதில்கள்

சென்னை
14.9.1987

அன்புள்ள கண்ணகிக்கு,

நீயும் பாப்பாவும் நலம்தானே? பிள்ளை பெற்ற பெண்களின் மனநிலை பற்றிய என் ஆராய்ச்சிக்காக எல்லோருக்கும் அனுப்பிய பத்துக் கேள்விகள் கொண்ட தாள்களில், உன்னுடையது நேற்று வந்தது. பயம் வருகிறதா, அழுகை வருகிறதா, தூக்கம் கெடுகிறதா, உயிரை விடத் தோன்றுகிறதா, எல்லாவற்றுக்கும் 'இல்லை'. மனசு நிறைந்துவிட்டது. ஆனால் ஹாஸ்டலில் மூன்று வருஷம் ஒரே அறையில் கிடந்தவளுக்கு ஒரு வரி எழுதக் கை வலிக்கிறதா? ரொம்பத்தான் கிராக்கி பண்ணுகிறாய்!

உன்
மெஹ்ராஜ்

மூங்கில்துறைப்பட்டு
6.10.1987

அன்புள்ள மெஹ்ராஜுக்கு,

உன் கடிதம் இன்றுதான் வந்தது. இட ஒதுக்கீட்டு மறியலில் ரோடெல்லாம் மரத்தை வெட்டிப் போட்டிருந்தார்கள். ஒரு வாரம் பஸ் இல்லை. தேங்கிய தபால் இப்போதுதான் வருகிறது.

கோபித்துக்கொள்ளாதே. அந்தத் தாளை நான் எழுதவில்லை. பச்சை உடம்புக்காரி பேனா பிடித்தால் கண் போய்விடும் என்பது அம்மாவின் சட்டம். ஆதிமூலம் அண்ணன் கேள்வியைப் படித்தான், அம்மா பதில் சொன்னாள். "அவளுக்கு இன்னா கொறை? துன்றா, தூங்கறா, நல்லாத்தான் கீறா. எல்லாத்துக்கும் இல்லைன்னு போட்டுடு." நான் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தேன். சும்மா இருந்துவிட்டேன்.

மறியலுக்குப் போன அண்ணன் இப்போது ஜெயிலில். எழுத ஆளில்லாததால் நானே எழுதுகிறேன். அழுகை வருவதில்லை, அது நிஜம். எதுவுமே வருவதில்லை. பாப்பா அழுதால் பக்கத்து வீட்டுப் பிள்ளை அழுவது போல இருக்கிறது. பால் கொடுக்கிறேன், துணி மாற்றுகிறேன். அவளைத் தூக்கிக் கொஞ்ச ஒருநாள்கூட ஆசை வந்ததில்லை. உயிரை விடத் தோன்றுகிறதா என்ற கேள்விக்கு 'அடிக்கடி' என்று மாற்றிப் போட்டுக்கொள்.

கண்ணகி

சென்னை
9.10.1987

அன்புள்ள கண்ணகி,

தபாலை நம்பாமல் என் அண்ணன் முதஸ்ஸிரிடம் கொடுத்தனுப்புகிறேன். பதிலையும் அவரிடமே கொடு. வரிசையாகப் பத்து 'இல்லை'யைப் பார்த்தும் சந்தேகப்படாத நான் என்ன ஆராய்ச்சிக்காரி! என் மேல் எனக்கே ஆத்திரமாக இருக்கிறது.

இது வியாதிடி. உன் குற்றமில்லை. பதில் எழுதிய நாற்பது பேரில் ஆறு பேருக்கு இருக்கிறது. மருந்து உண்டு, சரியாகும். ஞாயிறன்று வருகிறேன், திங்களன்று உன்னை இங்கே டாக்டரிடம் கூட்டிவருகிறேன். அதுவரை உன்னைத் தனியாக விட வேண்டாமென்று அம்மாவிடம் சொல். இந்தக் கடிதத்தையே படித்துக் காட்டு. நீ வாயைத் திறக்கவே வேண்டாம், டாக்டரிடம் எல்லாவற்றையும் நான் சொல்லிக்கொள்கிறேன்.

உன்
மெஹ்ராஜ்

மூங்கில்துறைப்பட்டு
10.10.1987

அன்புள்ள மெஹ்ராஜுக்கு,

உன் அண்ணன் வாசலில் காத்திருக்கிறார். கடிதத்தை அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன்.

"அப்பவே சொல்றதுக்கு இன்னாடி?" என்றாள்.

"என்னை யாரும் கேக்கலியேம்மா" என்றேன்.

அவள் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்துகொண்டாள். இன்னும் எழுந்து போகவில்லை.

நீ வா, நான் வருகிறேன். ஆனால் டாக்டர் கேட்கும்போது நீ பதில் சொல்லாதே. அம்மாவும் சொல்ல வேண்டாம். எனக்கு நேரமாகும், காத்திருங்கள். நானே சொல்கிறேன்.

கண்ணகி