மடியிலிருந்த கூனிப் பொட்டலம்

சுபானு வருஷம், ஆவணி 4

இன்றும் நாய் சாப்பிடவில்லை.

துணிக்கிடங்கைப் பார்க்கும் சின்னத் துரை வீட்டில் நான் துபாஷியாகி ஆறு வருஷம் ஆகிறது. ஒல்லாந்தர் வீடானாலும் வேலையாட்களோடு பேசுவது போர்த்துக்கீசியர் விட்டுப்போன பறங்கிப் பேச்சில்தான். துரைசானி சொல்வதைத் தமிழில் சொல்வேன், தமிழில் வருவதை அவருக்குப் பறங்கியில் சொல்வேன். கோட்டைக்குள் எனக்குத் தருமலிங்க முதலி என்று மரியாதை. அப்பேர்ப்பட்ட நான் இன்று காலை ஒரு முழ நீள நாய்க்கு எதிரே சம்மணம் போட்டு உட்கார்ந்து, "கண்ணு, ஒரே ஒரு வாய்" என்று கெஞ்சினேன். சமையற்காரி சூசையம்மாள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு உள்ளே ஓடினாள். சிரிக்கத்தான் ஓடினாள்.

போன மாதம் கப்பலில் வந்த நாய். சப்பை மூக்கு, பிதுங்கிய கண். லோட்யே என்று பெயர். எங்கள் வாயில் அது லோட்டா ஆகிவிட்டது. கோழி வேண்டாம், ஆட்டுக்கறி வேண்டாம், பால்சோறு வேண்டாம். துரைசானி தன் தட்டிலிருந்து ரொட்டியில் வெண்ணெய் தடவிக் கொடுத்தால் வெண்ணெயை நக்கிவிட்டு ரொட்டியைத் துப்புகிறது. துரைசானிக்குப் பிள்ளை இல்லை. "இது இளைத்தால் உன்னைத்தான் கேட்பேன்" என்றார்.

ஆவணி 6

ஏரிக்கரைத் தோணிரேவுக் குப்பத்துக் காசியம்மாள் இறால் கொண்டுவந்தாள். ஏரியில் கழுத்துவரை தண்ணீரில் இருந்து, சேற்றைக் கையால் துழாவி இறால் பிடிப்பவள். கோட்டை வாசலில் கூடை இறக்க அனுமதி உள்ள நாலு பேரில் அவளும் ஒருத்தி.

"இன்னா சாமி, நாயி துன்னலியா?"

"துன்னா நான் ஏன் இப்படி நிக்கிறேன்?"

இடுப்பிலிருந்து ஒரு ஓலைப் பொட்டலத்தை எடுத்தாள். கூனி. அதாவது பொடி இறாலைக் காயவைத்து வறுத்தது. "சோத்து மேல ஒரு சிட்டிகை தூவு. நாலு நாளிக்குத்தான். அப்பால நிறுத்திடு. உப்பு, அந்தச் சின்ன ஒடம்பு தாங்காது. பழக்கிட்டா அப்புறம் அது இல்லாம துன்னவே துன்னாது."

தூவினேன். நாய் வட்டிலைத் தேய்த்து நக்கிவிட்டது. துரைசானி கைதட்டினார். எப்படிச் சாப்பிட வைத்தாய் என்று கேட்டார்.

"அன்பாகச் சொன்னேன்" என்றேன். காசியம்மாளின் பெயரை ஏன் சொல்லவில்லை? வாய் வரவில்லை, அவ்வளவுதான்.

ஆவணி 10

நாலு நாள் முடிந்தது. நிறுத்தவில்லை.

ஆவணி 19

துரைசானியோடு சதுரங்கப்பட்டினம் போய்வந்தேன். வழக்கமாகப் பெரிய துபாஷிதான் போவார். இந்த முறை நான். "நீ இல்லாமல் லோட்யே சாப்பிடாது" என்று எல்லார் முன்னாலும் சொன்னார். பெரிய துபாஷியின் முகம் போன போக்கு! வழி நெடுக எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை.

மடியில் பொட்டலம். காசியம்மாள் இறால் கொண்டுவரும்போதெல்லாம் ஒன்று கேட்டு வாங்கிக்கொள்கிறேன். "இன்னும் எதுக்கு சாமி?" என்று ஒரு முறை கேட்டாள். பொட்டலத்தை வாங்கிக்கொண்டு நடையைக் கட்டினேன். நாங்கள் சைவம். மீன்கூடை வேட்டியில் பட்டால் வீட்டுக்கு வந்து தலை முழுகுகிறவன் நான். இப்போது மடியில் கூனியைக் கட்டிக்கொண்டு அலைகிறேன். வேறு யார் சோறு வைத்தாலும் நாய் தொடுவதில்லை. என் மடியைத்தான் பார்க்கிறது.

ஆவணி 27

குணசுந்தரி வேட்டியைத் துவைக்க எடுத்தவள் முகத்தைச் சுளித்தாள். "இன்னாங்க இது, மீன் நாத்தம்?"

வாசலில் கூட்டம், யார் கூடையோ உரசியிருக்கும் என்றேன். பாவம், இரண்டு முறை துவைத்தாள். கட்டிய மனைவியிடம் ஒரு நாயின் தீனியைப் பற்றிப் பொய்.

புரட்டாசி 2

எழுதத்தான் வேண்டும்.

லோட்டா காலையிலிருந்து வாந்தி. தண்ணீராகக் குடித்தது, குடித்ததையெல்லாம் கக்கியது. கோட்டை வைத்தியர் வந்து, வாந்தியில் கிடந்த இறால் துணுக்கைப் பார்த்து, கெட்ட இறால் தின்றிருக்கிறது என்றார். துரைசானி இறால்காரியைக் கூப்பிடச் சொன்னார். சூசையம்மாள் அடுக்களையில் இருந்தாள். கூடத்தில் துரைசானி, வைத்தியர், காசியம்மாள், நடுவில் நான்.

காசியம்மாள் பயப்படவில்லை. "நான் குடுத்தது ஒரு சிட்டிகை. நாலு நாளிக்குத்தான்னு சொன்னேன். இந்த ஐயாதான் வாங்கி வாங்கி மடியில வச்சிக்கினு தெனம் ஊட்டுறாரு. அவரையே கேளுங்கம்மா."

"என்ன சொல்கிறாள்?" என்று துரைசானி என்னைக் கேட்டார்.

நான் சொன்னேன் — "கெட்டுப்போன இறால் என்று தெரியாமல் கொடுத்துவிட்டாளாம். மன்னிக்கச் சொல்கிறாள்."

நாக்கு கொஞ்சமாவது தடுமாறியதா? இல்லை. ஆறு வருஷப் பழக்கம், வழவழவென்று வந்தது.

இனிக் காசியம்மாள் கோட்டை வாசலில் கூடை இறக்கக்கூடாது என்று உத்தரவாயிற்று. அதைத் தமிழில் சொன்னவனும் நான்தான். அதை மட்டும் சரியாகச் சொன்னேன்.

புரட்டாசி 3

சீ.

புரட்டாசி 5

நாய்க்கு உடம்பு தேறிவிட்டது. ஆனால் எதையும் தொடவில்லை. கூனி கொடுக்க இனி ஆள் இல்லை. கடைத்தெருவில் நின்று நான் கூனி வாங்க முடியுமா? ஊரே பார்க்குமே. இத்தனைக்குப் பிறகும் எனக்கு ஊர்தான் கவலை.

குணசுந்தரி காட்டூரில் தன் தாய்வீட்டுக்குப் போய்வந்தாள். "தோணிரேவு பொம்பள ஒருத்தி எறால் கூடையோட வெயில்ல வந்தா. நெல்லுக்கு மாத்திக்க வீடு வீடா கேட்டா. அம்மாந்தூரம் நடந்ததுல பாதி நாறிப்போச்சு, ஒருத்தரும் வாங்கல. அப்பிடியே வரப்புல குந்திட்டா" என்றாள். கோட்டையில் வாங்குகிற வீடுகளை நம்பித்தான் அவள் பிழைப்பு. நான் சோற்றைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்தேன். இன்றைக்கு நாயும் சாப்பிடவில்லை, நானும் சாப்பிடவில்லை.

புரட்டாசி 7

தோணிரேவுக்குப் போனேன். காசியம்மாள் தண்ணீரில் இருந்தாள். பிடித்த இறாலைப் போடும் ஓலைப் பறியைப் பல்லால் கடித்துப் பிடித்திருந்தாள். கூப்பிட்டேன். வாயில் பறி இருந்ததால் பதில் இல்லை. கரைக்கு வந்து பறியை இறக்கிவிட்டுச் சேலையைப் பிழிந்தாள்.

மன்னிப்புக் கேட்கத்தான் போனேன். சத்தியமாக அதற்குத்தான் போனேன். என் வாய் கேட்டது — "கொஞ்சம் கூனி இருக்குமா?"

என்னைப் பார்த்தாள். "ஒன் பறங்கிப் பேச்சு எனக்குத் தெரியாது சாமி. ஆனா நான் அத்தினி சொல்லியும் அந்தம்மா ஒன்ன ஒரு வார்த்த கேக்கல. நான் சொன்னத நீ சொல்லல. அது தெரிய பாஷ இன்னாத்துக்கு?"

பறியிலிருந்த இறாலைக் கூடையில் கொட்டினாள்.

"கூனி கெடையாது. வட்டில்ல வச்சிட்டு நவுந்துடு. அரை நாழி பாரு. துன்னலன்னா எடுத்துடு. அடுத்த வேள வரைக்கும் ஒண்ணும் தராத, அந்தம்மா தட்டுலேந்தும் கூடாது. எதுர்ல குந்திகினு கெஞ்சாத. பசிச்சா தானா துன்னும்." பறியைத் தூக்கிக்கொண்டாள். "வாயில்லாத ஜீவன், அதுக்காகச் சொல்றேன். ஒனக்காக இல்ல."

புரட்டாசி 9

நேற்று இரண்டு வேளையும் வட்டிலை எடுத்துவிட்டேன். துரைசானி அழுதார். தட்டிலிருந்து எதுவும் கொடுக்கவேண்டாம் என்று கையெடுத்துக் கும்பிட்டேன். இன்று காலை வெறும் கோழிச்சாறும் சோறும் வைத்தேன். லோட்டா என் மடியைப் பார்த்தது, வட்டிலைப் பார்த்தது, பிறகு தின்றது. முழுவதும் தின்றது.

புரட்டாசி 10

துரைசானி எனக்குச் சிவப்புச் சகலாத்துக் கம்பளிச் சால்வை போர்த்தினார். போர்த்திக்கொண்டேன். வேண்டாம் என்று சொல்லவில்லை. குணசுந்தரி அதைத் தெருவுக்கெல்லாம் காட்டினாள். எனக்கு அதில் கூனி நாற்றம் அடிக்கிறது. புதுச் சால்வை, நாற்றம் எங்கிருந்து வரும்? என்னிடமிருந்துதான்.

புரட்டாசி 13

காலையிலேயே தோணிரேவுக்குப் போய்க் காசியம்மாளைக் கூப்பிட்டேன். "மறுக்கா இன்னாத்த மாத்திச் சொல்லப்போற?" என்றாள். சூசையம்மாளுக்கும் பறங்கி தெரியும், அவள் பக்கத்தில் நிற்பாள் என்று சொன்ன பிறகுதான் நான் வந்த படகில் ஏறினாள்.

துரைசானியிடம் சொன்னேன் — "அன்றைக்கு இவள் சொன்னதை நான் மாற்றிச் சொன்னேன். மறுபடி கேளுங்கள்."

காசியம்மாள் அன்று சொன்னதையே சொன்னாள். சிட்டிகை, நாலு நாள், மடி, எல்லாம். ஒவ்வொன்றாகப் பறங்கியில் சொன்னேன். பிறகு என்னைக் கைகாட்டி, "இந்தாளு பொய் சொல்லி என் பொழப்புல மண்ணப் போட்டாரு" என்றாள். அதையும் சொன்னேன். பாதியில் குரல் போய்விட்டது. துரைசானிக்குக் கேட்கவில்லை. மறுபடி சொல்லச் சொன்னார். சொன்னேன்.

காசியம்மாள் சூசையம்மாளைப் பார்த்தாள். "எல்லாம் சொல்லிட்டாரு அக்கா. ஒண்ணும் விடல" என்றாள் சூசையம்மாள்.

துரைசானி என்னைத் திட்டவில்லை. வெளியே போ என்று கையைக் காட்டினார். கொண்டுபோயிருந்த சால்வையை மடித்து நாற்காலியில் வைத்துவிட்டு வந்தேன்.

வீட்டில் குணசுந்தரியிடமும் சொன்னேன். அழுதாள். "ஊர் இன்னா சொல்லும்?" என்று கேட்பாள் என நினைத்தேன். "அந்தப் பொம்பள வரப்புல குந்திகினு இருந்தாளேங்க" என்றாள்.

ஐப்பசி 1

துணிக்கிடங்கில் மூட்டைகளுக்கு முத்திரை போடுகிற இடத்தில் என்னை நிறுத்தியிருக்கிறார்கள். நாள் முழுக்கப் பேச ஆள் இல்லை. துரை வீட்டில் இப்போது சூசையம்மாள்தான் துபாஷி வேலையும் பார்க்கிறாள்.

துரை வீட்டுச் சாவி ஒன்று என்னிடமே இருந்தது. கொடுக்கப் போனேன். தடை நீங்கி, கோட்டை வாசலில் காசியம்மாள் மறுபடி கூடையோடு உட்கார்ந்திருந்தாள். என்னைக் கண்டதும், வேட்டியில் பட்டுவிடாமல் வழக்கம்போலக் கூடையை இழுத்துக்கொண்டாள். இழுக்க வேண்டாம் என்று சொல்ல நினைத்தேன். எந்த முகத்தோடு சொல்வது?

உள்ளே லோட்டா என்னைப் பார்த்து ஓடிவந்தது. முன்னங்காலைத் தூக்கி வைத்து மடியை மோந்தது. வேட்டி துவைத்த வேட்டி, மடியில் ஒன்றும் இல்லை. சூசையம்மாள் வட்டிலைத் தரையில் வைத்துவிட்டு நகர்ந்தாள். லோட்டா என்னை விட்டுவிட்டுப் போய் யாரும் சொல்லாமலே தின்றது. நான் சாவியை ஆணியில் மாட்டிவிட்டு வந்தேன்.